ரயில் வராத ஊரின் எக்ஸ்பிரஸ்

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் கம்பத்துக்குக் கம்பம் அந்தப் பெயரைத்தான் கட்டியிருந்தோம். பாதி பிளெக்ஸில் எழுத்துப் பிழை வேறு. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று மூன்றுக்கு மட்டுமே பிளெக்ஸ் வைக்கிற ஊர் எங்களுடையது. கல்யாணமும் ஆகாமல், செத்தும் போகாமல், பத்தொன்பது வயதில் ஒருத்தன் அத்தனை கம்பத்தில் சிரித்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எழுதின வரைக்கும் போதும். இப்போது அவன் ஊரில் இல்லை. ஓசூர் பக்கம் லாரி ஓட்டுகிறான் என்று கேள்வி.

பட்டப்பெயரை வேண்டுமானால் சொல்கிறேன். அது நான் வைத்தது, எனக்கு உரிமை இருக்கிறது. கோமுகி எக்ஸ்பிரஸ்.

அப்போது எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. சின்னசேலத்திலிருந்து பாதை போடப் போகிறார்கள், அளக்கிறார்கள், கல் நடுகிறார்கள் என்று என் அப்பா காலத்திலிருந்து பேச்சு மட்டும் சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் கபடி மைதானத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதோ புறப்பட்டுவிட்டது கோமுகி எக்ஸ்பிரஸ்! தண்டவாளத்தில் நிற்காதீர்கள், தாய்மார்கள் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளவும்!" என்று நான் கத்தினால் சனங்களுக்கு எப்படி இருக்கும்! ரயிலே வந்துவிட்ட மாதிரி விசில் அடிப்பார்கள்.

நான் மைக் பிடிக்கிறவன். அதற்கு முன்னால் கபடி ஆட்டக்காரன் என்று சொன்னால் என் வீட்டுக்காரியே சிரிக்கிறாள். என் வாழ்நாளில் நான் போனது ஒரே ஒரு ரைடு. கபடி கபடி என்று பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினேன். எதிராளி ஒருத்தன் பாய்ந்தான். அவன் கையில் நான் சிக்கவில்லை, டவுசர் சிக்கியது. நான் பத்திரமாகக் கோட்டுக்குத் திரும்பிவிட்டேன். டவுசர் திரும்பவில்லை. பாயிண்டை யாருக்குக் கொடுப்பது என்று நடுவர் தலையைச் சொறிந்தார். அன்றைக்கு எங்கள் ஊர் டீமை நடத்துகிற கேப்டன் அண்ணன் என் தோளில் கைபோட்டு, "ஒனக்கு வாயி இருக்குடா. காலு வாணாம்" என்று சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார். அவர் உரக்கடை வைத்திருப்பவர். எந்த மண்ணில் எது விளையும் என்று தெரிந்தவர்.

அவன் ஆட வருவதைப் பார்த்தால் ஆட வருகிறவன் மாதிரியே இருக்காது. தூக்கத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போவான். அங்கே நிற்கிறவர்களுக்கே ஒரு நிமிஷம் பரிதாபமாக இருக்கும். அதற்குள் யாராவது ஒருத்தன் தோளில் அவன் கை பட்டிருக்கும். தொட்டதும் ஓடி வந்துவிட்டால் பாயிண்டு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இவன் செய்ய மாட்டான். ஒரு காலைக் கொஞ்சம் பின்னால் விட்டு வைப்பான். வா, பிடி என்கிற மாதிரி. ஒருத்தன் கணுக்காலைப் பிடிப்பான், இன்னொருத்தன் இடுப்பை, இன்னும் இரண்டு பேர் முதுகில் விழுவார்கள். அப்போதுதான் இவனுக்குத் தூக்கம் கலையும். மரவள்ளிச் செடியைக் கிழங்கும் மண்ணுமாகப் பிடுங்குவார்களே, அந்த மாதிரி நாலு பேரையும் வேரோடு இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வருவான். கை கோட்டில் பட்டதும் நாலு பேரும் அவுட். எழுந்து, விழுந்து கிடக்கிறவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "அடி பட்டிச்சாண்ணா?" என்று கேட்பான்.

ஒரு தடவை கேட்டேன்.

"ஏன்டா, தொட்டுட்டு வந்துட வேண்டியதுதான? எதுக்குடா போயி மாட்டிக்கினு கெடக்குற?"

"அது இன்னாண்ணா ஆட்டம்? புடிச்சாத்தாண்ணா நாம ஆளு. புடிக்காம வுட்டுட்டா, கடைக்குப் போயி உப்பு வாங்கிக்கினு வர்ற மாதிரி."

ஏழு பேர் பிடியை உதறத் தெரிந்த அவனுக்கு, ஒரே ஒரு ஆள் வந்து ஒரு வார்த்தை கேட்டால் அதை மட்டும் உதறத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து, காலின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "ஆவட்டும்ணா" என்பான். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்தது. கிழங்கு மூட்டை ஏற்ற ஆள் வேண்டுமா, ஆவட்டும்ணா. பக்கோடா கடைக்கு ரிப்பன் வெட்ட வேண்டுமா, ஆவட்டும்ணா. யாரோ ஒருத்தன் பெண் பார்க்கப் போக இவனுடைய ஒரே நல்ல சட்டையைக் கேட்டான். ஆவட்டும்ணா. அந்தச் சட்டைக்குக் கல்யாணம் நடந்து, குழந்தை பிறந்து, இன்றுவரை திரும்பவில்லை.

ஒரு மாட்டுப் பொங்கலன்று வெளியூர் ஆட்டம். இரண்டு டீம்காரர்கள் தனித்தனியாக வந்து இவனைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் "ஆவட்டும்ணா" சொல்லிவிட்டான். இரண்டு டீமும் பைனலுக்கு வந்து தொலைத்தன. இவன் நடுக்கோட்டில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கிறான். நான் மைக்கில், "எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரத்தில் நிற்கும் என்பது இன்னும் சற்று நேரத்தில் அறிவிக்கப்படும்" என்றேன். கடைசியில் காசைச் சுண்டினார்கள். ஜெயித்தவர்களின் பனியனை மேலேயும், தோற்றவர்களின் பனியனை உள்ளேயும் போட்டுக்கொண்டு ஆடினான். யாருக்கும் மனசு கஷ்டப்படக் கூடாதாம். அந்த வெயிலில் இரண்டு பனியன்!

எங்கள் பக்கத்து ஊர் ஆட்டங்களில் எடைக் கணக்கு உண்டு. பெரும்பாலும் அறுபது கிலோ ஆட்டம். ஆடுகிறவன் ஆட்டத்தன்று தராசில் ஏறிக் காட்ட வேண்டும், முள் அறுபதைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஆட்டம் வருகிறதென்றால் பையன்களுக்குச் சோறு கிடையாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், தண்ணீர் குடிக்காமல் எச்சிலைத் துப்பித் துப்பி எடை குறைப்பார்கள். எடை பார்ப்பது கடைத்தெருவில் பாயின் பழைய இரும்புக் கடையில். துருப்பிடித்த பிரிட்ஜுக்கும் சைக்கிள் பிரேம்களுக்கும் நடுவில் ஒரு பெரிய தராசு. அதில் மாவட்டத்தின் நம்பிக்கை நட்சத்திரம் டவுசரோடு ஏறி நிற்கும்.

பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். "எறங்கு தம்பி. இரும்பு வெலைக்கு எடுத்தாகூட நீ நஷ்டம். எலும்பு வெலைக்குத்தான் எடுக்கணும். வூட்டுல சோறு போடுறாங்களா இல்லியா?"

"போடறாங்க பாய். நான்தான் துன்றதில்ல."

ஒரு தடவை முள் இம்மியளவு கூடக் காட்டியது. அறுபதுக்கு மேல் ஒரு நூலளவு. கேப்டன் அண்ணன் அவன் தலையைப் பார்த்தார். அவனுக்குச் சுருட்டை முடி, தானே எண்ணெய் வைத்து வளர்த்தது. "முடி எவ்ளோடா வெயிட்டு இருக்கும்?" என்றார். "ஆவட்டும்ணா" என்று இவன் அப்படியே குந்திக்கொண்டான். கடை வாசலிலேயே மொட்டை அடித்து மறுபடி தராசில் ஏற்றினோம். முள் சரியாக நின்றது. சாயங்காலம் கப்போடு வீட்டுக்குப் போனவனைப் பார்த்து அவன் அம்மா, "எந்தக் கோயிலுக்குடா போயிட்டு வர்ற?" என்று கேட்டதாம்.

அந்த அத்தையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். சொந்தமில்லை, ஊர் முறைக்கு அத்தை. கணவர் இல்லை. அடுத்தவர் காட்டில் கிழங்கு பிடுங்கப் போகும், மகனுக்குத் தோள் அங்கேயிருந்துதான் வந்தது. கபடியைப் பற்றி அதற்கு ஒரு எழவும் தெரியாது. மகனை யாராவது பிடித்துக் கீழே தள்ளினால், "வுடுங்கடா அவன, வுடுங்கடா" என்று ஓரத்திலிருந்து கத்தும். நான் மைக்கில், "அன்னை ரெபரியை அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்பேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும்.

ஐப்பசி மழை நேரத்தில் ஒரு ஆட்டம் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு கோச் வந்தார். டிவியில் ஆடுகிற பெரிய டீம் ஒன்றுக்கு ஆள் பொறுக்குகிறவர். சேற்றில் இவன் நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர், குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றார். ஆட்டம் முடிந்ததும் இவன் தொடையை, தோளை எல்லாம் மாடு வாங்குகிறவர் மாதிரி தட்டிப் பார்த்தார்.

"தம்பி, காலு இருக்கு, மூள இருக்கு, பயம் இல்ல. ஒடம்புதான் இல்ல. அங்க வந்து நிக்கிறவன் எல்லாம் ஒன்ன மாதிரி ரெண்டு பேரு. எழுபதத் தாண்டிட்டு வா. பொங்கல் கழிச்சு செலக்சன். மத்தத நான் பாத்துக்குறேன்."

அந்த டீமில் ஒரு வருஷம் ஆடினால் போதும், விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை வந்துவிடும் என்று கேப்டன் அண்ணன் அத்தைக்கு விளக்கினார். அத்தைக்குப் புரிந்தது 'கவர்மெண்டு வேலை' மட்டும்தான். அன்றிலிருந்து காலையில் காட்டுக்குப் போகும்போது அது நடக்கிற நடையே வேறு.

ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. பிளெக்ஸ் எல்லாம் முளைத்தது அப்போதுதான். 'இந்தியாவின் நாளைய கேப்டனே' என்று ஒரு பிளெக்ஸ், கீழே வாழ்த்துவோர் வரிசையில் முட்டை வட்டத்துக்குள் என் படம், அவன் படத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அறுபதிலேயே அடைத்து வைத்திருந்த உடம்பை எல்லோரும் சேர்ந்து ஊட்டி வளர்க்க ஆரம்பித்தோம். பாய் தினமும் எலும்பு சூப், வெள்ளிக்கிழமை பிரியாணி. "எலும்பு வெலைக்குத்தான் எடுப்பேன்னேன், இப்ப நானே எலும்பா போட்டுக்கினு கெடக்குறேன்" என்று அலுத்துக்கொள்வார், ஆனால் அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தின்று முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். கோழிப்பண்ணைக்காரர் முட்டை கொடுத்தார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு என்னுடையது. அந்தக் காலத்தில் அவனைவிட வேகமாக எடை கூடினவன் நான்.

மார்கழி பிறக்கிறபோது தராசு முள் எழுபதைத் தொட்டது. பாய் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். இவன் தராசிலிருந்து இறங்காமல் நின்றுகொண்டு முள்ளையே பார்த்துச் சிரித்தான். அவனுக்காக அவன் ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இங்கேதான் சுழற்கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் காணும் பொங்கல் ஆட்டத்தின் கோப்பை வருஷா வருஷம் ஜெயிக்கிற ஊருக்குப் போகும், அடுத்த வருஷம் திரும்பி வரும். ஆனால் ஒரே ஊர் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்துவிட்டால் கோப்பை அவர்களுக்கே சொந்தம், திரும்பி வராது. மலையடிவாரத்து டீம் ஒன்று தொடர்ந்து இரண்டு வருஷம் ஜெயித்து வைத்திருந்தது. அது அறுபது கிலோ ஆட்டம். செலக்சன் அதற்கு அடுத்த வாரம்.

கேப்டன் அண்ணன் இவன் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன், முட்டையோடு.

"தம்பி, ஒன்ன வுட்டா யாருடா இருக்காங்க? ஒரே ஒரு நாளு. கப்பு அவங்கூர்ல போயி குந்திக்கினா அப்புறம் நம்ம ஆயுசுக்கும் வராது. எங்கப்பா வாங்கி வெச்ச கப்புடா அது."

அது உண்மைதான். அந்தக் கோப்பையின் அடியில் அவர் அப்பா பெயர் வெட்டியிருக்கும்.

அத்தை அடுப்பை விட்டு எழுந்து வந்தது. "அண்ணே, இப்பத்தான் கொஞ்சம் ஒடம்பு வெச்சிக்கினு வரான். பொங்கல் கழிச்சு மெட்ராசுக்குப் போவணும். இந்த வாட்டி மட்டும் வுட்டுடுங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அட இன்னாம்மா நீ. எறக்கறத திரும்ப ஏத்திக்க மாட்டானா? கல்லு மாதிரி இருக்கான் பையன். அவன்தான் சொல்லட்டுமே. இன்னாடா?"

மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். அவன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"ஆவட்டும்ணா."

கேப்டன் அண்ணன் போன பிறகு அத்தை என்னைப் பிடித்துக்கொண்டது. "நீயாவது சொல்லேன்டா. ஒங்கூடத்தான சிரிச்சிக்கினு கெடப்பான்."

சொன்னேன். கோமுகி அணை ரோட்டில் வெயில் ஏறின நேரம், உள்ளே உர மூட்டைச் சாக்கின் பிளாஸ்டிக், அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். நான் வண்டியை அவனோடு உருட்டிக்கொண்டே பேசினேன்.

"டேய், முடியாதுன்னு ஒரு வார்த்த. தமிழ்லதான் இருக்குது. சொல்லிப் பாரேன், நாக்கு ஒண்ணும் அழுவிப் பூடாது."

அவன் சிரித்தான். நான் நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் நிஜமாகச் சொல்கிற முகம் எனக்கு வாய்க்கவில்லை. என் பாட்டி சாவுக்கு நான் அழுதபோதுகூட நாலு பேர் சிரித்தார்கள்.

"நீயே கேப்டங்கிட்ட சொல்லேண்ணா."

"சொன்னேன்டா. அவரும் சிரிக்கிறாரு."

அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தான். வாயில் எச்சில் இல்லாததால் சிரிப்புச் சத்தம் வரவில்லை. ஓடிக்கொண்டே இருந்தான்.

காணும் பொங்கலன்று தராசில் ஏறினபோது உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. எங்கள் சூப்பு, முட்டை, பிரியாணி எல்லாம் அந்த ரோட்டில் வியர்வையாய்ப் போயிருந்தன. முள் அறுபதில் நின்றது. டீம் கைதட்டியது. பாய் மட்டும் தராசை ஒரு உதை விட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடைசி ரைடு வரைக்கும் சமம். அவன் போனான். ஒருத்தனைத் தொட்டான். பழக்கம் விடவில்லை, காலைப் பின்னால் விட்டான். ஒருத்தன் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான், இன்னொருத்தன் பக்கவாட்டில் வந்து தொடையில் மோதினான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டதாம், காய்ந்த கரும்பை ஒடிக்கிற மாதிரி. எனக்குக் கேட்கவில்லை. என் காதில் என் குரல்தான் இருந்தது. அவன் விழுந்து, இரண்டு முழங்கையால் ஊன்றி ஊன்றி, மேலே கிடந்தவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து விரல் நுனியால் கோட்டைத் தொட்டான்.

"கோமுகி எக்ஸ்பிரஸ் வந்து சேர்ந்தது!" என்று நான் மைக் கிழியக் கத்தினேன்.

சனம் உள்ளே பாய்ந்தது. அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். மேளம் கிளம்பியது. கோப்பையை அவன் கையில் கொடுத்து, ஊர் முழுக்கத் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். ஆளாளுக்கு அவன் காலைப் பிடித்து உலுக்கினார்கள், இரண்டு காலையும். அவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே போனான். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் சிரிப்பை மட்டும் பார்க்காமல் கழுத்து நரம்பையும் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாய்தான் கண்டுபிடித்தார். ஊர்வலத்துக்குப் பின்னால் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். "எறக்குங்கடா! டேய், பாவிங்களா, அந்தக் காலப் பாருங்கடா! எறக்குங்கடா அவன!" மேளச் சத்தத்தில் அவரும் சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று நினைத்து ஒருத்தன் அவருக்கு மாலை போட்டான்.

இறக்கினபோது முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"ஏன்டா சொல்லல? எறக்கி வுடுங்கன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா?" என்று நான் கத்தினேன்.

"எல்லாம் சந்தோசமா இருந்தாங்கண்ணா" என்றான்.

செலக்சனுக்குப் போனோம். முழங்காலில் கட்டு, பேண்டுக்கு உள்ளே மறைத்து. கோச்சிடமும் வருகிறேன் என்று சொல்லியிருந்தானே, அதற்காகப் போக வேண்டுமாம். நான் துணைக்குப் போனேன். கோச் இவன் நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எடை மிஷினில் ஏறச் சொல்லவே இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, யாருக்காகடா ஆடினாய் என்று மட்டும் கேட்டார். இவன் கட்டைவிரலைப் பார்த்தான். வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றது. பஸ்ஸில் வேர்க்கடலை விற்றவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி எனக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டான்:

"ண்ணா, கோச்சுக்கு மனசு கஷ்டமாயிருக்கும் இல்ல?"

எனக்குத் தெரிந்த அத்தனை ஜோக்கையும் தேடினேன். கடலையைத் தின்றேன்.

அடுத்த வருஷம் ஆடிப் பார்த்தான். தொட்டுவிடுவான், திரும்பும்போது கால் ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடி போதும். முன்னால் நாலு பேரை இழுத்தவனை ஒருத்தன் பிடித்தான். பிறகு ஊர்க்காரர்கள் கூப்பிடுவதைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத அவனை அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கிழங்கு ஏற்றும் டெம்போ ஓட்டினான். கம்பத்தில் இருந்த பிளெக்ஸ்களை அத்தை ஒவ்வொன்றாக அவிழ்த்து வந்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டது. மழை பெய்யும்போது கொட்டகைக்குள் நின்று அண்ணாந்தால் அவன் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பான்.

டெம்போவில் பழைய இரும்பு கொண்டுவந்தால் பாய் கடையில் தராசு மேல் ஏறி நிற்பான், வெறும் பழக்கம். உடம்பு எழுபதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. பாய் எட்டி உள்ளங்கையால் முள்ளை மறைத்துக்கொள்வார். "தராசு ரிப்பேரு தம்பி. எறங்கி வா, டீ குடி."

கடைசியாக அவனை நான் பார்த்தது ஒரு காணும் பொங்கலன்று. புதுப் பையன்கள் டீம். அன்றைக்கு இவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். வெகுநாள் கழித்து ஒருவர் கேட்கிறார், சொல்ல வேண்டுமா, ஆவட்டும்ணா. துவைத்த வேட்டியில் வந்து மேடையில் ஓரமாக உட்கார்ந்தான். கேப்டன் அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது, ஆசை நரைக்கவில்லை. பைனலுக்கு முன்னால் எழுந்து வந்தார்.

"தம்பி, ஒரே ஒரு ரைடு. சும்மா. சனங்க பாக்கட்டும்."

"ஆவட்டும்ணா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். முகத்தில் பழைய சிரிப்பு, தராசில் நின்று எழுபதைப் பார்த்தபோது இருந்த சிரிப்பு. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "நீண்ட இடைவெளிக்குப் பிறகு, பழுது பார்க்கும் பணிகள் முடிந்து, இதோ கோமுகி எக்ஸ்பிரஸ்!" என்றேன். விசில் பறந்தது.

கபடி கபடி என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலைச் சற்று இழுத்துக்கொண்டு. எதிரே ஏழு பையன்கள். ஒருத்தனைத் தொட்டான். அந்தப் பையன் சிரித்தபடி தோளைக் காட்டிக்கொண்டே நின்றான். இன்னொருத்தனைத் தொட்டான். அவனும் நகரவில்லை. சனம் கைதட்டியது. மூன்றாவது பையன் தானே முன்னால் வந்து தொடக் கொடுத்தான், தொட்டுக் கும்பிட்டுக்கொண்டான். இவன் நின்றான். காலைப் பின்னால் விட்டான், பழைய மாதிரியே. பிடி என்று. அந்தக் கால் அங்கேயே கிடந்தது. யாரும் குனியவில்லை. மரியாதை தெரிந்த பையன்கள், இரண்டு பக்கமும் ஒதுங்கி அவனுக்குக் கோடு வரைக்கும் வழி விட்டார்கள்.

அவன் வழியைப் பார்த்தான். திரும்பவில்லை. அங்கேயே நின்று பாடிக்கொண்டிருந்தான். மூச்சு இளைக்க ஆரம்பித்தது. கபடி கபடி என்பது மெல்ல மெல்லத் தேய்ந்தது. கைதட்டல் ஒவ்வொரு பக்கமாக ஓய்ந்தது.

"புடிங்கடா" என்றான்.

பாட்டு அறுந்துவிட்டது. கபடி தெரிந்த யாருக்கும் தெரியும், எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போது பாட்டை நிறுத்தி வேறு ஒரு வார்த்தை பேசினால் அவுட். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் என்னைப் பார்த்தார். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு ஜோக் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள், கேப்டன் அண்ணன் அவன் கையைத் தூக்கிப் பிடிப்பார், எல்லாம் கடந்துவிடும். அதற்குத்தான் எனக்கு மைக் கொடுத்திருக்கிறது. அவனும் என்னைப் பார்த்தான்.

"ரைடர் அவுட்" என்றேன்.

நடுவர் விசில் ஊதினார். அவன் அவுட்டான ஆட்டக்காரன் தூக்குகிற மாதிரி ஒரு கையைத் தூக்கினான். பக்கக்கோட்டைத் தாண்டி வெளியே நடந்தான். கூட்டம் விலகியது. கேப்டன் அண்ணன் மேடையிலிருந்து சால்வையை விரித்துக்கொண்டு ஓடினார்.

"டேய் தம்பி, எங்கடா போற? சால்வடா! வாடா, போட்டோ எடுக்கணும்!"

அவன் நின்றான். கட்டைவிரலைப் பார்ப்பான் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான்.

"வாணாம்ணா."

கேப்டன் அண்ணன் விரித்த சால்வையோடு அப்படியே நின்றார். அவன் டெம்போ நின்ற பக்கம் நடந்தான். நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். மைதானத்து ஸ்பீக்கர்களில் என் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.